கொல்லிமலையில் இல்லாத ஒரு தும்பை: போலிக் கட்டுரை ஒன்றை நீக்கிய பதிவு

தமிழ் விக்கிப்பீடியாவில் செடிகொடிகள், விலங்குகள் பற்றிப் புதிதாக வரும் கட்டுரைகளைப் பார்த்துச் சரிசெய்வது என் வழக்கம். 'புதிய பக்கங்கள்' பட்டியலைத் திறந்து, உயிரியல் தொடர்பானவற்றை மட்டும் பிரித்துப் படிப்பேன். பெரும்பாலும் எழுத்துப்பிழை, சான்று விடுபட்டது, வகைப்பாட்டுப் பெட்டியில் குடும்பப் பெயர் மாறியது என்று சின்னச் சின்ன வேலைகள்தான் இருக்கும். அண்மையில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முழுக்க முழுக்கக் கட்டிவிடப்பட்ட ஒரு மூலிகைக் கட்டுரை கண்ணில் பட்டது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், நீக்கிய பிறகு என்னென்ன மிச்ச வேலை இருந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

கட்டுரை சொன்ன சேதி இது: தும்பைப் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் குழுவை) சேர்ந்த ஒரு செடி, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மட்டும் வளர்கிறது, 1978-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. படம் இருந்தது. மூன்று சான்றுகள் இருந்தன. நடை ஒழுங்காக இருந்தது. கடைசிப் பத்தியில் 'மருத்துவப் பயன்கள்' என்று தலைப்பிட்டு, இதன் சாற்றை ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும், இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வரிக்காகவே நான் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தேன். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து வரும். கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது என்று நம்பி ஒரு வீட்டில் ஒருவர் நிறுத்தினாலும் போதும்.

அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தேடுபொறியில் அந்தப் பெயருக்கு இன்னொரு பக்கம் கூடிவிடும். அதைக் குறைக்கத்தான் இத்தனை பாடு.

முதல் சந்தேகம் அறிவியல் பெயரில் வந்தது. தும்பையின் பேரினப் பெயர் லியூகாஸ். நம் வயல் வரப்புகளில் கிடக்கும் சாதாரணத் தும்பை லியூகாஸ் ஆஸ்பெரா, இலங்கையின் பெயரைத் தாங்கிய இன்னொன்று லியூகாஸ் சைலானிகா. இரண்டும் 'ஆ' ஒலியில் முடிவதைக் கவனியுங்கள். லத்தீனில் லியூகாஸ் பெண்பால், அதனால் அதையடுத்து வரும் இனப்பெயரும் பெண்பால் விகுதி எடுக்கும். ஊர்ப்பெயரை வைத்து இனப்பெயர் சூட்டும்போது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் 'என்சிஸ்' என்று முடியும், அஃறிணைப் பாலுக்கு 'என்சே' என்று முடியும். நம் கட்டுரையில் 'என்சே' என்று இருந்தது. இது மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உண்மையான தாவரவியலாளர்களும் விகுதியில் தவறுவதுண்டு, பிறகு மற்றவர்கள் திருத்துவார்கள். ஆனால் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டிய கட்டுரை இது என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது அடைப்புக்குறி. தாவரப் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவரின் பெயர் வரும். சாதாரணத் தும்பைக்கு (வில்டெனோ) லிங்க் என்று எழுதுவார்கள். வில்டெனோ இந்தச் செடியை முதலில் ஃப்ளோமிஸ் என்ற வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் லிங்க் அதை லியூகாஸுக்கு மாற்றினார். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் போவார், மாற்றியவர் வெளியே நிற்பார். நம் கட்டுரையிலும் ஒருவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது, ஆனால் வெளியே யாரும் இல்லை. விலங்குப் பெயர்களில் அப்படி எழுதுவது உண்டு, தாவரத்துக்கு அது வழக்கமே கிடையாது. போதாததற்கு, செடி முதன்முதலாகத் தும்பைப் பேரினத்திலேயே விவரிக்கப்பட்டது என்று கட்டுரையே சொல்கிறது. அப்படியானால் அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. வேறு ஏதோ ஒரு கட்டுரையின் வகைப்பாட்டுப் பெட்டியைப் படியெடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது இங்கேயே புரிந்தது.

சரி, பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். தாவரப் பெயர்களுக்கு உலகப் பொதுவான பதிவேடு ஒன்று இருக்கிறது: பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டி. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியங்கள் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடங்கள்), ஆஸ்திரேலிய தேசிய ஹெர்பேரியம் ஆகியவை சேர்ந்து நடத்துவது. இதன் வேர் 1893-இல் வெளிவரத் தொடங்கிய கியூ அட்டவணையில் இருக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்கி வைத்தவர் சார்லஸ் டார்வின். இந்தச் சுட்டியின் சிறப்பு என்னவென்றால், இன்று ஏற்கப்படாத பெயர்களும், ஒரே செடிக்கு இரண்டாவதாக வைத்த பெயர்களும், விதிப்படி செல்லாத பெயர்களில் பலவும்கூட அதில் இருக்கும். போன மாதம் வெளியான பெயர் இல்லாமல் இருக்கலாம், அது புரிந்துகொள்ளத்தக்கது. 1978-இல் வெளியான பெயர் இத்தனை ஆண்டுகளில் ஏறாமல் போவது மிக அரிது. தேடினேன், இல்லை. விகுதியை மாற்றித் தேடினேன், எழுத்துக்கூட்டல் மாற்றித் தேடினேன், இல்லை.

கியூவின் உலகத் தாவரங்கள் தளத்திலும் இல்லை. உலக ஹெர்பேரியங்களின் மாதிரிகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் தளத்தில் ஒரு மாதிரிகூட இல்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய அருட்தந்தை கே. எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழகத் தாவரத் தொகுதிகளிலும் பெயர் இல்லை. நம் மலைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்து மாதிரி சேர்த்தவர் அவர். தும்பை மாதிரி வழியோரத்தில் நிற்கும் ஒரு பேரினத்தில், ஏற்கெனவே வெளியான ஓர் இனத்தை விட்டிருக்க வாய்ப்பு குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேறு மொழி விக்கிகளில் ஒரு உயிரினத்துக்குக் கட்டுரை இருக்கிறது என்பதைச் சான்றாக எடுக்கவே கூடாது. செபுவானோ, சுவீடிய விக்கிப்பீடியாக்களில் லட்சக்கணக்கான இனங்களுக்குத் தானியங்கி நிரல் கட்டுரை எழுதியிருக்கிறது. ஒரு தரவுத்தளத்தில் தவறு இருந்தால் அது அப்படியே அங்கேயும் இருக்கும். பத்து இடத்தில் இருப்பதுபோல் தோன்றும், தோண்டினால் எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கும்.

அப்புறம் கட்டுரையில் ஒரு வரி. மூலமாதிரி 'சென்னையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில்' பாதுகாக்கப்படுகிறது என்று இருந்தது, ஓர் எண்ணோடு. மூலமாதிரி என்பது, ஒரு புதிய இனத்தை அறிவிக்கும்போது 'இந்தப் பெயர் இந்தச் செடியைத்தான் குறிக்கும்' என்று கைகாட்டி வைக்கும் உலர்ந்த செடித்தாள். 1958-க்குப் பிறகு வெளியாகும் எந்தத் தாவர இனத்துக்கும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பது பெயரிடல் விதி. ஆக, எழுதியவர் ஓரளவு விவரம் தெரிந்தவர். ஆனால் மெட்ராஸ் ஹெர்பேரியம் சென்னையில் இல்லை. பெயர்தான் மெட்ராஸ், அது இருப்பது கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில். 1978-க்கு வெகு காலம் முன்பே அங்கே போய்விட்டது. ஒரு செடித்தாளைத் தேடி அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை போனவர்கூட அதைச் சென்னை என்று எழுதமாட்டார். வகைப்பாட்டியலில் பழக்கமுள்ள ஒரு பேராசிரியருக்கு எண்ணை அனுப்பி விசாரித்தேன். அந்த எண்ணில் இருப்பது புல் குடும்பத்துச் செடி என்று பதில் வந்தது.

சான்றுகளுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே கணக்குப் போட்டே பொய்யைப் பிடிக்கலாம்.

முதல் சான்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ், 1978, தொகுதி 112 என்று இருந்தது. அந்த இதழ் 1886-இல் தொடங்கியது. அதன் 100-ஆவது தொகுதி 2003-இல் வந்தது. பின்னோக்கி எண்ணினால் 1978 எழுபத்தைந்தை ஒட்டித்தான் வரும். 112 வரவே வராது. தொகுதி எண்ணில் மட்டும் கைப்பிழையாக இருக்கலாம் அல்லவா? அந்த இடமும் கொடுத்தாக வேண்டும். பழைய இதழ்கள் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகத்தில் படிமமாகக் கிடைக்கின்றன. 1978-ஐச் சேர்ந்த தொகுதியின் பொருளடக்கத்தை வரிவரியாகப் பார்த்தேன். முன்னும் பின்னும் உள்ள தொகுதிகளையும் பார்த்தேன். அந்தத் தலைப்பில் எதுவும் இல்லை. சொன்ன பக்க எண்ணில் இருந்தது பறவைகள் பற்றிய கட்டுரை.

இரண்டாவது சான்று ஒரு நூல். சென்னையில் 1983-இல் அச்சானது என்று, பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணோடு. அந்த எண் 978-0 என்று தொடங்கியது. இந்தியப் பதிப்பகங்களுக்கு ஒதுக்கப்பட்டவை 81, 93 ஆகிய குழு எண்கள், அதாவது 978-81 அல்லது 978-93 என்று தொடங்க வேண்டும். சுழியம் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு உரியது. பதின்மூன்று இலக்க முறையே 2007-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய நூலின் பத்து இலக்க எண்ணை நூலகப் பட்டியல்கள் பதின்மூன்றாக மாற்றிப் போடுவதுண்டு, அதனால் இதை வைத்து மட்டும் குற்றம் சொல்லவில்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்தேன்.

ஐ.எஸ்.பி.என்.-இன் கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றைச் சோதிக்க வைத்தது. இலக்கங்களை இடமிருந்து மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால், மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 978-0-306-40615-7 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 9, 21, 8, 0, 3, 0, 6, 12, 0, 18, 1, 15, 7. கூட்டினால் 100 வரும். செல்லும் எண். கடைசியில் 7-க்குப் பதில் 4 இருந்தால் 97, செல்லாது. தாளும் பேனாவும் போதும், இணையம்கூட வேண்டாம். நம் கட்டுரையின் எண் இந்தச் சோதனையில் தேறவில்லை. அந்தத் தலைப்பில் ஒரு நூலும் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாவது சான்று உண்மையானது. இது முக்கியம். இணைப்பைச் சொடுக்கினால் திறக்கிறது, உண்மையான ஆய்வாளர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஆனால் அது சாதாரணத் தும்பையின் இலைச்சாற்றை ஆய்வகத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. கொல்லிமலை என்ற சொல்லே அதில் கிடையாது. மனிதர்களுக்குக் கொடுத்ததாக இல்லை, குணமாகும் என்று இல்லை, இன்சுலினை நிறுத்தலாம் என்று எங்குமே இல்லை. இரண்டு பொய்ச் சான்றுகளுக்கு நடுவே ஒரு மெய்ச் சான்றை வைத்தால், சோதிப்பவர் பெரும்பாலும் சொடுக்கத்தக்க ஒன்றை மட்டும் சொடுக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆகவே இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். உள்ளே போய், அந்த வரிக்கு அது சான்றாகிறதா என்று படிக்க வேண்டும்.

ஒரு படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் தலைகீழ்த் தேடலில் கட்டுரையின் படத்தைப் போட்டேன். அதே படம் விக்கிப்பீடியாவின் படக்கிடங்கான பொதுவகத்தில் வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றியது, சாதாரணத் தும்பை என்ற விளக்கத்தோடு. ஓரத்தை வெட்டிவிட்டுப் புதுப் பெயரில் ஏற்றியிருக்கிறார்கள்.

பிறகு பக்க வரலாறு. 'இப்பக்கத்தை இணைத்தவை' என்பதைச் சொடுக்கி, வேறு எந்தெந்தக் கட்டுரைகளில் இந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். கொல்லிமலைக் கட்டுரையிலும், ஒரு மூலிகைப் பட்டியலிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்தது இதே பயனர் கணக்கு, கட்டுரையை உருவாக்குவதற்குச் சற்று முன்னால். கணக்கே புதிது. இந்தச் செடியைத் தவிர வேறு எதையும் அது தொட்டதில்லை.

இந்த வடிவம் எனக்குப் பழக்கமானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் போலி என்று குறியிடப்பட்ட 20,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை எடுத்து ஸ்ரீஜன் குமார், ராபர்ட் வெஸ்ட், யூரே லெஸ்கோவெக் என்ற மூவர் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். போலிக் கட்டுரையின் பெயர், கட்டுரை பிறப்பதற்குச் சற்று முன்னர் மற்ற பக்கங்களில் செருகப்படுகிறது, பெரும்பாலும் அதே கையால் அல்லது கணக்கில்லாத ஒரு முகவரியிலிருந்து, என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. உண்மையான ஒரு பொருளின் பெயர் அதற்கு வெகு முன்பே, தொடர்பில்லாத பலரால், அங்கங்கே தற்செயலாக எழுதப்பட்டிருக்கும். போலிக்கு அந்த முன்கதை கிடையாது. இன்னொன்றும் சொன்னார்கள்: தப்பிப் பிழைக்கும் போலிகளில் உரை நீளமாக இருக்கும், மற்ற கட்டுரைகளுக்கான உள்ளிணைப்புகள் குறைவாக இருக்கும். ஒரு போலியையும் ஒரு உண்மையையும் அருகருகே காட்டி எது போலி என்று கேட்டபோது, மக்கள் 66 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். கணக்கின் வயது, இணைப்புகளின் வலை, முன்கதை ஆகியவற்றைப் பார்த்த நிரல் 86 விழுக்காடு சரியாகச் சொன்னது. கட்டுரையைப் படித்து மட்டும் கண்டுபிடிக்க நினைத்தால் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அதே ஆய்வில் பெரும்பாலான போலிகள், ஏறத்தாழ 90 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்குள் பிடிபட்டுவிடுகின்றன என்றும் இருக்கிறது. ஓராண்டைத் தாண்டுபவை 1 விழுக்காடு அளவில்தான். அந்த ஒன்றுதான் நம்மைக் கஷ்டப்படுத்துவது. மஸ்டெலோடான் என்ற பெயரில், பனாமாவில் கிடைத்த புதைபடிவப் பாலூட்டி என்று சொல்லி ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்த ஒரு கட்டுரை 14 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அப்படி ஒரு விலங்கே இல்லை. யாரும் தேடிவராத, சிறிய, பார்க்கச் சாதுவான அறிவியல் கட்டுரைக்குத்தான் ஆயுள் அதிகம். இது இணையத்தோடு வந்த நோயும் கிடையாது. அமெரிக்காவில் 1887-89-இல் அச்சான ஆப்பிள்டன் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தில் பிறக்கவே பிறக்காத தாவரவியலாளர்கள் 14 பேர் இருப்பதை 1919-இல் ஜான் ஹெண்ட்லி பார்ன்ஹார்ட் வெளியே கொண்டுவந்தார். அவரே ஒரு தாவரவியலாளர். துறையின் நூல்களையும் ஆட்களையும் தெரிந்த ஒருவர் கண்ணில் படும்வரை அச்சுக் களஞ்சியத்திலும் பொய் முப்பது ஆண்டு நிம்மதியாக இருந்திருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் தவறு. நம்பமுடியாததாக இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டுரையை நீக்கத் துணியக்கூடாது. 2003-இல் பிஜுவும் போசுய்ட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரு தவளையை அறிவித்தார்கள்: ஊதா நிறம், பன்றி மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள், நெருங்கிய உறவுகள் கடல் தாண்டிச் செஷல்ஸ் தீவுகளில். நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ். விவரம் தெரியாமல் படித்தால் போலி என்று குறியிடத் தோன்றும். ஆனால் பெயர் பதிவாகியிருக்கிறது, மூலமாதிரி இருக்கிறது, தொடர்பில்லாத பல குழுக்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கின்றன. 2017-இல் அதே பேரினத்தில் இரண்டாவது இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையிலிருந்து அறிவிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது. 2019-இல் கேரளத்து நிலத்தடி நீரிலிருந்து வந்த, டோல்கீன் கதையின் கோல்லம் (Gollum) பாத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஈனிக்மாசன்னா கோல்லம் என்ற மீனும் அப்படித்தான், பெயரே கட்டுக்கதை போல இருக்கும். மெய்யான உயிர் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பல இடங்களில் தனித்தனியாகத் தடம் விட்டிருக்கும். நான் தேடுவது அந்தத் தடத்தைத்தான்.

இத்தனையும் கையில் வந்த பிறகு, பயனரின் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். வணக்கம் சொல்லி, கட்டுரையின் சான்றுகளைச் சரிபார்க்க முடியவில்லை, இதழின் படிமமோ நூலின் முகப்புப் படமோ இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் போடவில்லை. பதில் வந்தது: "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச செடி சார். நீங்க மலைக்கு வந்து பார்த்ததுண்டா?"

இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. மலைமக்களிடம் நூலில் ஏறாத தாவர அறிவு நிறைய இருக்கிறது. ஒரு செடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எந்த அகராதியிலும் இல்லாமல் இருக்கலாம். அந்த ஊர்ப்பெயர் உண்மையாகவே வழங்கினால், சாதாரணத் தும்பைக் கட்டுரையில் 'கொல்லிமலைப் பகுதியில் இவ்வாறும் அழைக்கப்படுகிறது' என்று சான்றோடு சேர்க்கலாம். நானே சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். அறியப்படாத செடியாகவே இருந்தால், பூவோடு மாதிரி எடுத்து அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்குக் கொடுக்கும் வழியையும் எழுதினேன். ஆனால் 1978, தொகுதி 112, மூலமாதிரி எண், நூல் எண் ஆகிய நான்கும் ஊர் அறிவிலிருந்து வந்தவை ஆகாது. அவை யாரோ உட்கார்ந்து புனைந்தவை. அவற்றைப் பற்றி மறுபடியும் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

மருத்துவப் பத்தியை நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். கட்டுரை உண்மையா பொய்யா என்ற விவாதம் முடியும்வரை அந்த வரி காத்திருக்க வேண்டியதில்லை. உடல்நலம் பற்றிய சான்றில்லாத கூற்றை உடனே எடுக்கலாம், எடுக்க வேண்டும். எடுத்த காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் முழுசாக எழுதினேன்.

நீக்கக் கோரும் வார்ப்புருவை இட்டு, உரையாடல் பக்கத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே எங்கே பார்த்தேன், என்ன கிடைத்தது என்று எழுதினேன். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் ஒரு குறிப்புப் போட்டேன். எனக்கு நிர்வாகி அணுக்கம் கிடையாது, அது நல்லதுதான். சந்தேகப்பட்டவரே நீக்குபவராகவும் இருக்கக்கூடாது. வேறு இரண்டு பயனர்கள் இதழையும் நூல் எண்ணையும் தனியாகச் சோதித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஒரு நிர்வாகி நீக்கினார், அதே தலைப்பில் மறுபடி உருவாக்க முடியாதபடி காப்பும் இட்டார்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வேலையில் பாதி இதற்குப் பிறகுதான். கொல்லிமலைக் கட்டுரையிலும் மூலிகைப் பட்டியலிலும் பெயர் சிவப்பு இணைப்பாக, அதாவது கட்டுரை இல்லாத தலைப்பாக, நின்றது. சிவப்பைப் பார்த்தால் நல்ல எண்ணத்தோடு யாராவது கட்டுரை எழுத முனைவார்கள், காப்பு இருந்தால் எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதுவார்கள். ஆகவே முதலில் அவற்றை எடுத்தேன். எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுக்கிடங்கான விக்கித்தரவில் இந்தச் செடிக்கு ஓர் உருப்படி உருவாகியிருந்தது. தேடுபொறிகளும் குரல் உதவியாளர்களும் விவரம் எடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், அங்கே நீக்கல் கோரிக்கை வைத்தேன். பொதுவகத்தில் படியெடுத்த படத்துக்கும் கோரிக்கை வைத்தேன், மூலப்படம் அப்படியே இருக்கட்டும் என்று குறிப்பிட்டு.

வெளியே இரண்டு தளங்கள் கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. ஒன்று இயற்கை மருத்துவத் தளம். இன்சுலின் வரியோடு. நீக்கல் உரையாடலின் இணைப்பை அனுப்பி எழுதினேன். ஒரு தளம் எடுத்துவிட்டது. மற்றதில் இன்னும் இருக்கிறது, விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பிரதிகளைத் துரத்துவதற்குக் காரணம் உண்டு. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்ற விலங்கின் ஆங்கிலக் கட்டுரையில் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்று ஒரு பெயரைத் தானாகச் சேர்த்தார். பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின, ஒரு பல்கலைக்கழக அச்சக நூலிலும் ஏறியது. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே கட்டுரைக்குச் சான்றாக வந்து சேர்ந்தது. பொய் வெளியே போய், சான்றுச் சட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: சான்றின் தேதியையும், அந்தக் கூற்று கட்டுரையில் முதலில் வந்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். சான்று பின்னால் வந்தது என்றால், அது எங்கிருந்து எடுத்தது என்று தெரியும்வரை ஏற்கமாட்டேன்.

நம்மைப் போன்ற விக்கிகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது: மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இருந்த போலியை ஒருவர் நல்லெண்ணத்தோடு தமிழாக்கியிருப்பார். ஆங்கிலத்தில் பின்னர் நீக்கிவிடுவார்கள், நமக்குச் சொல்லி அனுப்ப யாரும் இல்லை. தமிழில் அது தனியாக நிற்கும். உயிரினக் கட்டுரை ஒன்றுக்கு முன்பு ஆங்கில இணைப்பு இருந்து இப்போது காணாமல் போயிருந்தால், ஆங்கிலத்தின் நீக்கல் பதிகையைத் திறந்து காரணம் என்னவென்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கட்டுரைகளை இணைத்திருப்பார்கள். சில நேரம் 'போலி' என்று இருக்கும்.

இப்போது சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு எழுதுபொறிகள் வந்த பிறகு, தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகிற, நூல் எண் சோதனையிலும் தேறுகிற பொய்ச் சான்றுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. யாரும் சரிபார்க்காமல் பொறி எழுதித் தந்த பக்கங்களை விரைவாக நீக்க 2025-இல் ஆங்கில விக்கிப்பீடியா தனி விதியே கொண்டுவந்தது. ஆய்வுக் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைச் சொடுக்கினால் வேறொரு துறையின் கட்டுரை திறப்பதும், இணைப்பின் வாலில் சாட்ஜிபிடியின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கணக்குச் சோதனைகளின் பலம் இனிக் குறையும். பதிவேடு, மூலமாதிரி, மூல இதழின் பக்கம் ஆகிய மூன்றும் அப்படிக் குறையாது, அவை எழுதுபொறிக்கு வெளியே இருப்பவை.

இப்போது மூலிகைப் பகுப்பை அகர வரிசையில் பார்த்து வருகிறேன். 'குணமாகும்', 'நிறுத்திவிடலாம்', 'பக்கவிளைவு இல்லை' என்ற சொற்களைத் தேடி, அவை வரும் கட்டுரைகளை முதலில் எடுக்கிறேன். பெயர் உண்மையாக இருந்து, மருத்துவக் கூற்று மட்டும் சான்றில்லாமல் நிற்பவைதான் அதிகம். சேர்ந்து பார்க்க விரும்புபவர்கள் ஏதேனும் ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, பகுப்பின் உரையாடல் பக்கத்தில் எந்த எழுத்து என்று எழுதிவையுங்கள். 'க' வரிசை நீளம், அதற்கு இரண்டு பேர் வேண்டும்.